உழவு மழையும் உறைந்த கடலும்

செஞ்சிக்கு வடக்கே சிறுகடம்பூரை ஒட்டி நிற்கிறது திருநாதர்குன்று. கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பலருக்கு இப்படி ஒரு குன்று இருப்பதே தெரியாது. மேலே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முடித்துவிட்டுத் தேடினால் பாறையில் சில எழுத்துகள் கிடைக்கும். தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்துக் கை, கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். 'ஐ' என்ற எழுத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று என்பதால் எழுத்தியல் படிப்பவர்கள் இதை அறிவார்கள். செய்தி சின்னது. சந்திரநந்தி ஆசிரிகர் என்பவர் 57 நாள் அனசனம் நோற்றார். இது அவருடைய நிசீதிகை. அவ்வளவுதான்.

அதே குன்றில் பிற்காலத்துக் கல்வெட்டு இன்னொன்றும் உண்டு. இளையபட்டாரர் என்ற துறவி 30 நாள் அனசனம் நோற்ற செய்தி. இரண்டுக்கும் ஒரே நடை: பெயர், நாள்கணக்கு, இடம். அவருக்கு என்ன வயது, உடம்புக்கு என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் இல்லை. படிக்க வருகிறவருக்கு மற்றது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,500 வருஷம் கழித்து வந்து நிற்கிற எனக்கு எழுத்தைப் படித்துச் சொல்ல நூல்கள் இருக்கின்றன. ஆனால் அனசனம், நிசீதிகை என்ற இரண்டு சொல்லிலும் கால் தடுக்குகிறது. எழுத்து தெரிந்தும் சொல் தெரியாமல் நிற்கிற இந்த நிலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதற்கு வழி கிடைத்தது நான் எதிர்பாராத ஒரு திசையில், வடதுருவத்துக் கடலில்.

கடல் உறைந்து கிடக்கும் பரப்பை விண்ணிலிருந்து இடைவிடாமல் அளக்க முடிந்தது 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் மேலே போன பிறகுதான். அதற்கு முந்தைய காலத்துக்கு மனிதர் கண்ணால் பார்த்துக் கையால் எழுதியதையே பெரும்பாலும் நம்ப வேண்டும். திமிங்கில வேட்டைக் கப்பல்கள், கடற்படைக் கப்பல்கள், துருவம் தேடிப் போன பயணக் குழுக்கள் எல்லாம் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேடுகள் ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், வானம் எப்படி, பனி கண்ணில் பட்டதா, எப்படிப்பட்ட பனி. 2010இல் தொடங்கிய 'ஓல்டு வெதர்' என்ற முயற்சியில் தன்னார்வலர்கள் அந்தப் பக்கங்களை வரி வரியாகப் படியெடுத்துக் கொடுத்தார்கள். முதலில் முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் கப்பல்கள். 2012 முதல் ஆர்க்டிக் கடலில் ஓடிய அமெரிக்கக் கப்பல்கள்.

அவற்றில் ஒன்று ஜேனட். 1879 ஜூலை 8 அன்று 33 பேரோடு சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பியது. செப்டம்பரிலேயே உறைகடலில் சிக்கிக்கொண்டது. ஏறக்குறைய 21 மாதம் பனியோடு பனியாக நகர்ந்து, 1881 ஜூனில் நசுங்கி மூழ்கியது. தலைவர் டி லாங்கும் ஆட்களும் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு சைபீரியக் கரையை நோக்கி நடந்தார்கள். சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. அப்போதும் குறிப்பேடுகளை விடவில்லை. லேனா ஆற்றுக் கழிமுகத்தில் சுமக்கவே முடியாத நிலையில் அவற்றை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மேலே நடந்தார்கள். டி லாங் அந்தக் கழிமுகத்திலேயே இறந்துபோனார். 13 பேர்தான் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவரான பொறியாளர் மெல்வில் திரும்பிப் போய்த் தேடி அந்தக் குறிப்பேடுகளைக் கொண்டுவந்தார். உயிர் போகும் நேரத்திலும் சுமந்த எழுத்து. அதை அவசரத்தில் தப்பாகப் படிப்பது எனக்குப் பொறுக்க முடியாத காரியமாகத் தோன்றுகிறது.

தப்பாகப் படிப்பது சுலபம். வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்பவர் இங்கிலாந்தில் விட்பி துறைமுகத்துக்காரர். அப்பா திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர். மகனும் சிறுவயதிலேயே கப்பல் ஏறினார். 1820இல் ஆர்க்டிக் பகுதிகளைப் பற்றி இரண்டு பாகமாக அவர் வெளியிட்ட நூலில், வேட்டைக்காரர்கள் உறைந்த கடலைப் பற்றிப் புழங்கிய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கியிருக்கிறார். அந்தச் சில பக்கங்கள் இல்லாவிட்டால் இன்று எத்தனையோ குறிப்பேடுகள் படித்தும் புரியாமல் கிடக்கும். 'பே ஐஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பே என்றால் கரை உள்வாங்கிய குடா. குடாவுக்குள் கிடக்கும் பனி என்றுதான் இன்று யாரும் பொருள் சொல்வார்கள். ஸ்கோர்ஸ்பி சொல்வது வேறு. கடலில் அப்போதுதான் புதிதாக உறைந்த பனி அது. கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலிலும் இருக்கும். அகராதியை மட்டும் நம்பிப் படித்தால், ஒரு கரையோரத்தில் பனி ஒதுங்கிக் கிடந்ததாக வரைபடத்தில் புள்ளி வைப்போம். உண்மையில் அந்த வாரம் அங்கே திறந்த கடல் இருந்து, அப்போதுதான் மேலே ஆடை கட்டத் தொடங்கியிருக்கும்.

இன்னும் நுட்பமானது 'ஃபீல்டு'. பாய்மர உச்சியில் ஏறிப் பார்த்தாலும் எல்லை தெரியாத ஒரே பாளத்துக்கு ஸ்கோர்ஸ்பி காலத்தில் அந்தப் பெயர். எல்லை தெரிந்துவிட்டால் அது 'ஃப்ளோ'. துண்டு துண்டாகச் சேர்ந்து கிடக்கும் பனியின் விளிம்பு தெரியாவிட்டால் 'பேக்', தெரிந்தால் 'பேட்ச்'. இதில் எங்குமே மைல் கணக்கு இல்லை. அளவுகோல் ஒரு மனிதனின் கண். அந்தக் கண் இருந்த உயரம். ஸ்கோர்ஸ்பியின் அப்பாதான் 1807இல் பாய்மர உச்சியில் பீப்பாய் போல ஒரு கூடு கட்டி, காவலுக்கு நிற்பவனைக் குளிர்காற்றிலிருந்து காத்தார். தண்ணீருக்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் தளத்தில் நிற்பவனுக்குத் தொடுவானம் 8 கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடும். 30 மீட்டர் உயரத்தில் கூட்டுக்குள் நிற்பவனுக்கு அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கீழே நிற்பவனுக்கு எல்லையற்றது, மேலே நிற்பவனுக்கு எல்லை உள்ளது. ஆகவே 'ஃபீல்டு' என்று எழுதியிருக்கும் ஒரு வரியைப் படிக்க, கப்பலின் பாய்மரம் எவ்வளவு உயரம், அன்றைக்கு யார் மேலே ஏறினார், மூடுபனி இருந்ததா என்பதெல்லாம் வேண்டும். உலக வானிலை அமைப்பின் இன்றைய சொற்பட்டியலில் 'ஐஸ் ஃபீல்டு' என்றால் 10 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக, எல்லா அளவுத் துண்டுகளும் சேர்ந்து மிதக்கும் பரப்பு. ஒரே பாளத்தைக் குறித்த பெயர் துண்டுகளின் கூட்டத்துக்குப் போய்விட்டது.

'லேண்ட் ஐஸ்' என்று அவர் சொன்னது கரையோடு ஒட்டிக் கிடக்கும் கடல் பனியை. இன்று அந்தப் பெயரில் சொல்வது கிரீன்லாந்து நிலத்தின் மேல் மலையாகக் குவிந்திருக்கும் பனியை. 'ஐஸ் பிளிங்க்' பனியே இல்லை. தூரத்துப் பனியின் வெளிச்சம் மேகத்தின் அடியில் பட்டு வெள்ளையாகப் பளபளப்பது. பனியைக் காணாமலேயே அது அங்கே இருப்பதை மாலுமி வானத்தில் படித்த அடையாளம். 1875-76இல் பிரிட்டிஷ் துருவப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய நேர்ஸ், தான் கண்ட தடித்த பனிக்குப் 'பேலியோகிரிஸ்டிக்' என்று புதுப்பெயர் வைத்தார். ஆதிகாலத்திலிருந்தே உருகாமல் கிடப்பது என்ற அவருடைய எண்ணம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அது பல ஆண்டுப் பனிதான், ஆதிகாலத்துப் பனி அல்ல. பெயரை ஏற்றுக்கொள்கிறவர் அந்த எண்ணத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டுவிடுவார்.

'விளிம்பு' என்ற எளிய சொல்கூட இப்படித்தான். செயற்கைக்கோள் கணக்கில் 15 சதவீதம் பனி மூடிய இடம் எதுவோ அதுவே விளிம்பு. மாலுமிக்கு முதல் துண்டுகள் தெரிந்த இடம் விளிம்பு. இந்த இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துக் கழித்தால், சொற்களுக்கு இடையில் உள்ள தூரம் கடலில் பனி குறைந்ததாக வந்து நிற்கும். அண்டார்க்டிகாவில் ஸ்காட், ஷாக்கில்டன் முதலியோர் 1897 முதல் 1917 வரை எழுதிய குறிப்பேடுகளை ஆராய்ந்து 2016இல் வந்த ஆய்வு, அக்காலக் கோடைப் பனிப் பரப்பு செயற்கைக்கோள் காலத்தில் அதுவரை கண்டதைவிட அதிகபட்சம் 14 சதவீதம் மட்டுமே கூடுதல் என்றது. ஒரு கண்டத்தின் நூறாண்டுக் கதை, சில பேனாக்கள் எழுதிய சில சொற்களுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதில் தொங்குகிறது.

தேதியும் ஒரு சொல்தான் என்று இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதறடித்த புயல், பிரெஞ்சுக்காரர் கணக்கில் 13, 14. ஆங்கிலேயர் கணக்கில் 2, 3. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலக் கடற்படைக் குறிப்பேட்டில் நாள் நடுப்பகலில் தொடங்கும். ஆகவே பிற்பகலில் நடந்தது மறுநாள் தேதியில் ஏறியிருக்கும். நம்மவர் எழுதியிருந்தால் அட்சய வருஷம் என்று தொடங்கியிருப்பார்கள். அடித்த புயல் ஒன்றுதான்.

துருவத்துக் குறிப்பேட்டைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் இருப்பது பனி என்ற ஒரு சொல். மார்கழி விடியலில் செஞ்சி மலைகளை மறைப்பதும் பனி, புல் நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் விழுவதும் பனி, கடலில் உறைந்து கிடப்பதும் பனி. முன்பனிக்கும் பின்பனிக்கும் தனித்தனிப் பருவம் வகுத்த மொழி இது. ஆனால் உறைந்த தண்ணீரின் மேல் நடந்து பிழைக்க வேண்டிய அவசியம் நமக்கு வரவில்லை. பாடநூலில் பனிப்பாறை என்றால் மலையிலிருந்து இறங்குவதா கடலில் மிதப்பதா என்று வாத்தியார் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. இது மொழியின் குறை அல்ல. வாழ்க்கை எங்கே உன்னிப்பாகப் பார்த்ததோ அங்கே சொற்கள் நெருங்கி நிற்கும்.

நமக்கு அந்த நெருக்கம் ஏரியில் இருக்கிறது. ஆங்கிலேய அதிகாரிகள் தென்னார்க்காட்டு ஆவணங்களில் 'டேங்க்' என்ற ஒரே சொல்லை எழுதிவைத்தார்கள். ஏரி, குளம், தாங்கல், குட்டை எல்லாம் அதற்குள் கரைந்துவிட்டன. மதகு வேறு, தூம்பு வேறு, மடை வேறு, கலங்கல் வேறு. செஞ்சிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் டீக்கடையில் நின்றால் 'ஏரி கோடி போவுது' என்று கேட்கலாம். உபரித் தண்ணீர் வெளியேறும் வாய் கோடி. அது போக ஆரம்பித்தால் ஏரி நிறைந்துவிட்டது, இனி நடவுக்குப் பயமில்லை, கீழ் ஏரிக்கும் தண்ணீர் போகிறது என்ற மூன்று செய்தியும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தெற்கே இதையே மறுகால் பாய்கிறது என்பார்கள். வெளியூர் ஆள் நூறு வருஷம் கழித்து ஒரு பழைய கடிதத்தில் 'ஏரி கோடி போயிற்று' என்று படித்தால் பணக் கணக்கு என்றோ கரை உடைந்தது என்றோ நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

இந்த ஒரு வட்டாரத்துக்குள்ளேயே 'பள்ளி' எத்தனை இடம் மாறியிருக்கிறது! சிங்கவரம் குடைவரையில் அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். அங்கே அது படுக்கை. செஞ்சிக் கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பெயரில் 1717-18இல் எழுந்தது பள்ளிவாசல். ஊருக்குள் பிள்ளைகள் போவது பள்ளிக்கூடம். கல்வெட்டில் வரும் பள்ளி சமணத் துறவியர் தங்கிய இடம். அதற்கு விடப்பட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம். திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பைக் குன்றில் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைக்கு அந்தத் தமிழ் பிராமிக் கல்வெட்டு சொல்லும் பெயர் பாளி. பள்ளிச்சந்தத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவைத்த சொத்து என்று ஒரு மாணவர் எனக்கு விளக்கியபோது நான் திருத்தினேன்; ஆனால் அவர் மேல் குறை காண முடியவில்லை. அவர் வளர்ந்த வீதியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

அப்படியானால் யாரைக் கேட்பது? இதற்கு நம்மிடம் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியால் உ.வே. சாமிநாதையர் சமணக் காப்பியமான சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அவருக்குத் தெரியாத தமிழா? இருந்தும் ஏடு பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரையைத் துணைக்கு வைத்துக்கொண்டும் பல இடங்கள் திறக்கவில்லை. கடைசியில் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போனார். போன வீட்டில் தோரணமும் கோலமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டதற்குச் சிந்தாமணி படித்து முடித்த நாள் இது என்றார்கள். ஊரிலுள்ள புலவர்கள் பெயரளவில் அறிந்திருந்த நூல், அந்தத் தெருவில் மாதக்கணக்கில் வாய்விட்டுப் படிக்கப்பட்டு, பண்டிகை போல முடித்துவைக்கப்பட்டிருக்கிறது.

சந்திரநாத செட்டியார் என்ற சமண அன்பர் ஐயருடைய சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். மணிப்பிரவாள நடையில் எழுதிய ஸ்ரீபுராணத்தைப் பற்றி ஐயர் அறிந்ததும் அந்தச் சமணர்கள் வழியாகத்தான். அந்த வீட்டில் தம்மைக் குறித்துப் 'பவ்ய ஜீவன்' என்று பேசிக்கொண்டதை ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற உயிர் என்பது பொருள். ஏட்டில் உயிரில்லாமல் கிடந்த சமயச்சொல் ஒன்று, ஒரு வீட்டில் வந்தவரை வாழ்த்துகிற பேச்சாக இருந்திருக்கிறது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அந்தப் பதிப்பில் ஐயரின் உழைப்புக்குப் பக்கத்தில் அந்தத் தெருவின் பேச்சும் இருக்கிறது என்பேன்.

அத்தகைய தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தலைமை மடமாகக் கொண்டது மேல்சித்தாமூரில் இருக்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், வயலும் ஏரியுமாக உள்ள ஊர். காஞ்சியிலிருந்து வந்த மடம் என்பது மரபு. ஜினகாஞ்சி மடம் என்ற பெயர் அதைச் சொல்கிறது. மடத்துத் தலைவருக்கு லட்சுமிசேன பட்டாரகர் என்று பட்டப்பெயர். பார்சுவநாதர் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் பாகுபலியும் பார்சுவநாதரும் தருமதேவியும் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார்கள். மடத்தில் ஓலைச்சுவடிகள் உண்டு. சுற்றிலும் வீடூர், பெரமண்டூர், விழுக்கம், தாயனூர் என்று நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் வாழ்ந்துவந்த ஊர்கள். விளக்கு வைப்பதற்கு முன் சாப்பிட்டு முடிப்பதும், தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதும் இவர்கள் வீட்டில் போதனையாக அல்ல, பழக்கமாகவே இருந்துவந்தவை.

திருநாதர்குன்றுச் சொற்களுக்கு நான் விளக்கம் பெற்றதும் இந்த வட்டாரத்தில்தான். அனசனம் என்றால் உண்ணாதிருத்தல் என்று எந்த வடமொழி அகராதியும் சொல்லும். சமணர் கணக்கில் அது ஆறு புறத்தவங்களில் முதலாவது. ஒரு நாள் உபவாசம் இருந்தாலும் அனசனமே. காலம் வரையறுத்து நோற்பது ஒன்று, உயிர் பிரியும்வரை நோற்பது இன்னொன்று. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சந்திரநந்தி இறந்தார் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நிசீதிகை நிற்பதால்தான் சொல்ல முடிகிறது. நோன்பில் அமர்ந்து உடல் நீத்தவரின் இடம் அது. சமாதி என்று சுருக்கினால் உடலைப் புதைத்த நினைவு வந்துவிடுகிறது. இருக்கை என்ற பொருள் போய்விடுகிறது. சங்க காலத்து வடக்கிருத்தலைத் திசையைப் பார்த்து உட்கார்வது என்று மட்டும் படித்தால், உண்ணாதிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நமக்குக் கிடைக்க மாட்டார்கள். அப்படித்தான் இதுவும்.

உயிர் பிரியும்வரை நோற்கும் இந்த நோன்புக்குச் சல்லேகனை என்று பெயர். தவிர்க்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய் என்ற நிலைகளில்தான் மேற்கொள்ளலாம் என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வரம்பு கட்டினார். அதைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், அங்கே சந்தாரா என்று வழங்கும் இதைத் தற்கொலையாகக் கருதித் தண்டனைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சட்டம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். முதியவர்கள் மேல் குடும்பம் திணிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தற்கொலை என்ற சொல் வெறுப்பிலும் விரக்தியிலும் செய்வதைக் குறிக்க வந்தது. அந்த வெறுப்பை நீக்கிக்கொள்வதே நோன்பின் முதல் நிபந்தனை என்று வாழ்கிறவர்கள் முன்னால் அந்தச் சொல்லை வைத்தால், கேள்வி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. குடாவுக்குள் இல்லாத பனியைக் குடாவில் குறித்த வரைபடம் போல.

ஐரோப்பியர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட ஆங்கில, டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களின் குறிப்பேடுகளை ஒன்றுசேர்த்து, அவற்றில் காற்றுக்கு வழங்கிய சொற்களையெல்லாம் தொகுத்து, 2003இல் ஒரு பன்மொழி அகராதி வெளியிட்டார்கள். அந்தச் சொற்களைப் பேசிய மாலுமி ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. ஒரு சொல்லைப் பத்துக் கப்பலில் தேடி, பக்கத்து வரியில் எந்தப் பாயைச் சுருக்கினார்கள் என்று பார்த்து, மெல்ல மெல்ல மீட்டார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இன்னும் முழுதாக வரவில்லை. ஓலைகளைப் படம் எடுத்துக் கணினியில் சேமிக்கிற வேலை தமிழ்நாட்டில் பல இடங்களில் நடக்கிறது. மிகத் தேவையான வேலை. அதோடு ஒரு நாற்காலியைப் போட்டு, நயினார் வீட்டு மூதாட்டியையும், மதகு திறந்துவிட்ட கையையும், மரக்காணத்து மீனவரான பட்டினவரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சொல்லை எப்போது, யாரிடம், எதைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள் என்பதை எழுத வேண்டும். பல்கலைக்கழகம் செய்யலாம், செஞ்சியின் கல்லூரிப் பிள்ளைகள் விடுமுறையில் செய்யலாம். படம் எடுத்த ஓலை நூறு வருஷம் காத்திருக்கும். எண்பது வயதுக்காரர் காத்திருக்க மாட்டார்.

காற்றுக்கு எண் கொடுத்த ஃபிரான்சிஸ் போஃபர்ட்டைப் பற்றிப் படித்தபோது, சொல்லை அதைப் பேசியவரோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. 1806இல் அவர் முதலில் எழுதிய அளவுகோலில் காற்றின் வேகமே இல்லை. பிறகு அவர் அதில் சேர்த்ததும் போர்க்கப்பல் ஒன்று எவ்வளவு பாய் விரிக்க முடியும் என்ற அளவைத்தான். எந்தப் பாயும் தாங்காத காற்றுக்கு 12. பிரிட்டிஷ் கடற்படை அதை 1838இல் ஏற்றுக்கொண்டது. கப்பலில் நிற்பவனுக்குத் தேவைப்பட்டது வேகத்தின் எண் அல்ல, கையில் இருக்கும் துணி தாங்குமா என்பது.

போன ஐப்பசியில் மேல்சித்தாமூரிலிருந்து திரும்பும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு பம்புசெட்டுக் கொட்டகையில் ஒதுங்கினேன். உள்ளே ஒரு பெரியவர் முன்னாலேயே நின்றிருந்தார். அரைமணி நேரம் கொட்டி ஓய்ந்தது. என் கைபேசியில் மழையளவு மில்லிமீட்டரில் வந்திருந்தது. அவரிடம் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வெளியே இறங்கி, மண்வெட்டியால் வரப்போரம் ஒரு வெட்டு வெட்டி, பாளமாகப் பெயர்ந்த மண்ணைக் கையில் தூக்கிப் பார்த்தார். மேலே கறுத்து ஈரம், நான்கு விரலுக்குக் கீழே வெளிறின உலர்மண். ஈரமும் காய்ச்சலும் சேரும் கோட்டில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

"அர உழவுகூட வரல தம்பி."

ஒரு உழவு மழை என்றால் ஏர் ஓட்டுகிற ஆழத்துக்கு நனைய வேண்டும். களியில் ஒரு கணக்கு, செம்மண்ணில் ஒரு கணக்கு. நேற்று பெய்திருந்தால் இன்றைக்குக் குறைவாகப் பெய்தாலே போதும், காய்ந்து கிடந்தால் இரண்டு மடங்கு வேண்டும். மேலிருந்து விழுந்ததைச் சொல்கிற சொல் அல்ல அது. மண் வாங்கிக்கொண்டதைச் சொல்கிறது. அவர் அப்பா காலத்தில் 'ரெண்டு உழவு மழை' என்று கடிதத்தில் எழுதினால் போதுமாம், பட்டணத்தில் இருக்கிற மகன் விதை வாங்கப் பணம் அனுப்பிவிடுவானாம். இப்போது டிராக்டர் வந்துவிட்டதால் அவ்வளவு ஆழம் நனையக் காத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார். தன் பேரன் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, மில்லிமீட்டர்தான் சொல்கிறான் என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இன்னொரு மழை வந்தால்தான் வேலை ஆகும் என்று சொல்லி, பெயர்த்த மண்ணை அதே குழியில் போட்டுக் காலால் மிதித்து மூடினார்.